சமுதாயக் கல்லூரி: அடுத்த படி எங்கே?

(பெரம்பலூரில் நடந்த மாணவர் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



‘நம் பகுதியில் புதிய கல்லூரிகள், புதிய படிப்புகள்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்தா செய்தித்துறை விளம்பரம் மாதிரி இருக்கு. ஆனா கேள்வி உண்மையான கேள்விதான். ஒவ்வொரு வருசமும் பிளஸ் டூ முடிவு வந்த கையோடு சேரிக்குள் நோட்டீஸ் வருது. ஆறு மாதப் படிப்பு, ஒரு வருடப் படிப்பு, முடித்த உடனே வேலை. அரசு நடத்துறது, தனியார் நடத்துறது, தொண்டு நிறுவனம் நடத்துறது, பாதிரியார்கள் நடத்துறது என்று பல வகை. ‘அண்ணே, இதுல சேரலாமா?’ என்று நம்ம புள்ளைங்க கேக்குறாங்க. இயக்கத்தில் இருக்கிறவர்கள் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். சேராதே என்று நான் சொல்லப் போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சேர் என்றும் சொல்லப் போவதில்லை. சேரும் முன் என்ன கேட்க வேண்டும், கேட்டுப் பதில் கிடைக்காவிட்டால் எதற்குப் போராட வேண்டும், இதுதான் பேச்சு.

முதலில் நம்ம மண்ணின் கணக்கைப் பார்த்துக்கொள்வோம். 1995 இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் ஒருமுறை பிரிந்து, மறுபடி சேர்ந்து, 2007 இல் நிலையாகத் தனி மாவட்டம் ஆனது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி பெரம்பலூரில் நூற்றுக்கு 31 பேர் பட்டியல் சாதியினர். அரியலூரில் 23 பேர். மாநிலம் முழுவதும் பார்த்தால் 20 பேர்தான். எழுத்தறிவில் மாநிலச் சராசரி 80 விழுக்காடு, பெரம்பலூரில் 74, அரியலூரில் 71. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. நாம் அதிகமாக இருக்கிற இடத்தில்தான் பள்ளிக்கூடம் குறைவாக வேலை செய்திருக்கிறது.

அரியலூர் அரசு கலைக் கல்லூரி 1965 இல் வந்தது. அதன் பிறகு ரொம்ப காலம் இந்த வட்டாரத்துக்குப் பெரிசா ஒன்றும் வரவில்லை. பிறகு குரும்பலூரில் பாரதிதாசன் பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியாகத் தொடங்கியது அரசுக் கல்லூரி ஆனது. வேப்பந்தட்டையில் ஒன்று, ஜெயங்கொண்டத்தில் ஒன்று வந்தது. கீழப்பழுவூரிலும் கீழக்கணவாயிலும் அரசு பாலிடெக்னிக் இருக்கு. 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். கட்டடம் வளர்கிறது என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டடத்துக்குள் எந்த வாசல் யாருக்கு என்பதுதான் நம் விசாரணை.

மருத்துவக் கல்லூரி வருவதற்கு ஐந்து வருடம் முன்னால், அதே அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில் நம்ம தங்கச்சி அனிதா 1200 க்கு 1176 மதிப்பெண் எடுத்தாள். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். நீட் என்று புதுசா ஒரு வாசலைக் கட்டி, அந்த 1176 இந்த வாசலுக்குச் செல்லாது என்று சொன்னார்கள். உச்சநீதிமன்றம் வரை போனாள். 2017 செப்டம்பர் 1 அன்று அவளை இழந்தோம். இதை இங்கே சொல்ல ஒரு காரணம் இருக்கு. உயர்படிப்பின் வாசலைச் சாத்துகிற அதே காலத்தில்தான் ‘திறன் படிப்பு படிங்க, சீக்கிரம் வேலை கிடைக்கும்’ என்று இன்னொரு வாசலை அகலமாகத் திறக்கிறார்கள். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று அநீதியாகவும் மற்றது உதவியாகவும் தெரியும். சேர்த்துப் பார்த்தால்தான் அரசியல் தெரியும்.

சரி, சமுதாயக் கல்லூரி என்ற சரக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து. 1901 இல் இல்லினாய்ஸ் மாநிலத்து ஜோலியட் நகரில் இரண்டு வருடக் கல்லூரி ஒன்று தொடங்கியது. இன்றைக்கும் இயங்குகிற பொதுக் கல்லூரிகளில் இந்த வகையில் அதுதான் பழையது. 1947 இல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு இந்தக் கல்லூரிகளை நாடு முழுக்கப் பரப்பச் சொன்னது. ஊர்ப்பக்கத்திலேயே கல்லூரி, குறைந்த கட்டணம், வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். இதில் முக்கியமான ஒன்று, இரண்டு வருடம் அங்கே படித்தவர் மூன்றாம் வருடம் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகலாம் என்பது. கலிபோர்னியா 1960 இல் போட்ட திட்டத்தில் இந்த மாற்றத்தை எழுத்தில் வைத்தார்கள். அதாவது கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு ஒரு மாடிப்படி.

ஆனால் அதே 1960 இல் பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். இந்தக் கல்லூரிகள் செய்கிற ஒரு வேலைக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் ‘சூட்டைத் தணிப்பது’ என்று சொல்லலாம். பட்டம் வாங்கணும்னு ஆசையோடு வர்ற ஏழை வீட்டுப் பிள்ளையை ‘உனக்கு வேண்டாம், போ’ என்று முகத்துக்கு நேரே சொன்னால் அவன் கொதிப்பான். அதனால் உள்ளே சேர்த்துக்கொள்கிறார்கள். தேர்வு வைத்து, ஆலோசனை சொல்லி, ‘உனக்கு இது சரிப்படும் தம்பி’ என்று மெல்ல ஒரு சின்னப் படிப்புக்குத் திருப்பி விடுகிறார்கள். கடைசியில் அது தானே எடுத்த முடிவு என்று அவனே நம்புவான். கொதிப்பு அடங்கிவிடும். இன்றைக்கும் அங்கே சமுதாயக் கல்லூரியில் சேர்கிற ஐந்து பேரில் நாலு பேர் பட்டம் வரை போக நினைத்துத்தான் சேர்கிறார்கள். ஆறு வருடத்தில் பட்டம் வாங்குவது ஏறக்குறைய ஆறில் ஒருவர். படிக்கட்டு எழுத்தில் இருக்கிற நாட்டிலேயே நிலைமை இதுதான். எழுத்தில்கூட இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவுக்கு இது வந்தது 1995 இல், புதுவைப் பல்கலைக்கழகத்தின் வழியாக. 1996 இல் சென்னையில் கத்தோலிக்கத் திருச்சபை ஒன்றைத் தொடங்கியது. சேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் இதை ஓர் இயக்கமாகவே தமிழகம் முழுக்க எடுத்துச் சென்றார். பள்ளியை விட்டு நின்றவர்கள், பத்தாவதில் தோற்றவர்கள், கல்யாணமாகிப் படிப்பு நின்ற பெண்கள், இவர்களுக்காக ஒரு வருடப் பட்டயப் படிப்பு. வாழ்க்கைத் திறன் கொஞ்சம், தொழில் திறன் கொஞ்சம், பிறகு ஆலையிலோ மருத்துவமனையிலோ நேரடிப் பயிற்சி. இதைக் குறைத்துப் பேச மாட்டேன். வேற எந்தக் கல்லூரியும் வாசல்லகூட நிக்க விடாத நம்ம பெண்களை அங்கே ‘வாம்மா’ன்னு கூப்பிட்டாங்க. வயது கேக்கல, மதிப்பெண் கேக்கல. நாலு பேர் முன்னால நின்னு பேசக் கத்துக்கிட்டாங்க. அது சின்ன விசயம் இல்லை.

ஆனால் அந்தச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி தொடக்கம் முதலே தொங்கிக்கொண்டிருந்தது. 2002 இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறகு சமுதாயக் கல்லூரிகளை அங்கீகரித்துத் தொழிற்கல்விப் பட்டயம் கொடுக்க ஆரம்பித்தது. அது ஒரு முன்னேற்றம். 2009 இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நாடு முழுக்க நூற்றுக்கணக்கான சமுதாயக் கல்லூரிகளைப் பதிவு செய்தது. சில வருடங்களிலேயே அந்தத் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். அடுத்து 2013-14 இல் பல்கலைக்கழக மானியக் குழு இன்னொரு திட்டம் கொண்டு வந்தது. ஏற்கெனவே இருக்கிற கல்லூரி வளாகத்துக்குள்ளேயே சமுதாயக் கல்லூரி நடத்தலாம் என்றது. 2014 இல் தொழிற்கல்விப் பட்டப்படிப்பு வந்தது. முதல் வருடத்தோடு வெளியேறினால் பட்டயம், இரண்டாம் வருடத்தோடு வெளியேறினால் மேற்பட்டயம், மூன்று வருடம் முடித்தால் பட்டம். 2020 தேசியக் கல்விக் கொள்கை இதே ‘எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம்’ என்பதை எல்லாப் பட்டப்படிப்புக்கும் விரித்தது.

‘வெளியேறலாம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வீட்டில் அடுப்பு எரியாதவன் முதல் வருடத்தோடு வெளியேறுவான். அப்பன் சம்பாத்தியம் இருக்கிறவன் மூன்றாவது வருடம் வரை இருப்பான். பழைய முறையில் பாதியில் நின்றவனுக்குப் ‘படிப்பை விட்டவன்’ என்று பெயர். ஏன் விட்டான் என்று அரசைக் கேள்வி கேட்கலாம். புதிய முறையில் அவன் கையில் ஒரு தாள் இருக்கும். அவன் படிப்பை விட்டவன் கணக்கில் வரமாட்டான், முடித்தவன் கணக்கில் வருவான். கேள்வி கேட்க இடமே இருக்காது.

இங்கே ஒரு தோழர் கேட்கலாம்: ‘பட்டம் வாங்கிட்டு எத்தனை பேரு சும்மா இருக்கான், கைத்தொழில் கத்துக்கிட்டா என்ன தப்பு?’ நியாயமான கேள்வி. பதிலை அண்ணல் அம்பேத்கரிடமே கேட்போம். 1942 இல் அவர் வைசிராய்க்குப் பட்டியல் சாதியினரின் குறைகள் குறித்து ஒரு மனு கொடுத்தார். அதில் இரண்டு விதமான கோரிக்கையும் இருக்கு. அறிவியல், தொழில்நுட்ப உயர்படிப்புக்கு உதவித்தொகை வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைக்கப் பணம் வேண்டும் என்று கேட்டார். அதே மனுவில் அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் இளைஞர்களைப் பயிற்சியாளர்களாக எடுக்க வேண்டும் என்றும் கேட்டார். கைத்தொழிலை அவர் இழிவாக நினைக்கவில்லை. 1944 இல் பட்டியல் சாதியினருக்கான மேற்படிப்பு உதவித்தொகை வந்தது. 1945 இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 1946 இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி. தையல் பள்ளியோடு அவர் நின்றுவிடவில்லை, கல்லூரி கட்டினார். பட்டறையும் கேட்டார், பல்கலைக்கழகமும் கேட்டார். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாயடைக்க அவர் விடவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு வரலாறு இருக்கிறது. 1953 இல் ராஜாஜி கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்றார். குலக்கல்வி என்று பெயர் வைத்துத் தமிழகம் எதிர்த்தது. 1954 இல் அவர் பதவி விலகினார், காமராசர் அரசு அதைக் கைவிட்டது. முடிந்துபோன கதை என்று நினைக்கிறோம். 2023 இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டு வந்தது. பதினெட்டுத் தொழில்கள், செருப்புத் தைப்பது, முடி திருத்துவது, துணி வெளுப்பது எல்லாம் அதில் உண்டு. பரம்பரையாகக் குடும்பத் தொழில் செய்பவர்கள், பதினெட்டு வயதிலிருந்தே சேரலாம். கல்லூரிக்குப் போற வயசுல அப்பன் தொழிலுக்குக் கடன். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடுங்கள், குறைந்தபட்ச வயதை 35 ஆக்குங்கள் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. ஒன்றிய அரசு ஏற்காததால் 2024 இல் அத்திட்டத்தை இங்கே நடத்த மறுத்தது. அந்த மறுப்பு சரி. அதே அளவுகோலை மாநில அரசின் திறன் படிப்புகள் மேலும் நாம் வைக்க வேண்டும்.

இப்போது நம் ஊர் வாசலுக்கு வருவோம். எறையூர் சிப்காட்டில் 2023 நவம்பரில் காலணி ஆலை திறந்தார்கள். ஜெயங்கொண்டம் சிப்காட்டில் 2024 நவம்பரில் தைவான் நிறுவனத்தின் காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 15,000 பேருக்கு வேலை, பெரும்பகுதி பெண்களுக்கு என்றது அரசு. இந்த ஆலைகளுக்கு ஆள் தயாரிக்கக் குறுகிய காலப் பயிற்சிகள் வரும். வரட்டும். செருப்பு என்றால் நமக்கு வரலாறு வேறு. ஊருக்கெல்லாம் செருப்புத் தைத்தவன் ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த மண் இது. இன்றைக்கு ஆலைக்குள் எல்லாச் சாதிப் பெண்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ரப்பர் செருப்பு செய்தால் அது சாதியின் மேல் விழுகிற ஓர் அடிதான். எனக்கு அதில் மகிழ்ச்சி. ஆனால் அந்த ஆலையில் வடிவமைப்பாளர் யார், தரம் பார்ப்பவர் யார், எந்திரத்தைப் பராமரிக்கும் பொறியாளர் யார், மனிதவள அதிகாரி யார்? சிமெண்ட் ஆலைகள் நமக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருக்கு. அரியலூர் மண்ணைத் தோண்டித்தான் சுண்ணாம்புக்கல் எடுக்குறாங்க. லாரிப் புழுதி நம்ம தெருவுக்கு, ஒப்பந்தக் கூலி நம்ம ஆளுக்கு. மேசை நாற்காலி போட்ட அறைக்குள் போக நம்மிடம் அந்தப் படிப்பு இல்லை என்றார்கள். காலணி ஆலையிலும் அதே கதை நடக்கக் கூடாது என்றால், மூன்று மாதப் பயிற்சியோடு நம்மை நிறுத்த விடக்கூடாது.

நம் கையில் ஏற்கெனவே ஒரு படிக்கட்டு இருக்கிறது. அது பல பேருக்குத் தெரியாது. சில தொழிற்பிரிவுகளில் எட்டாவது முடித்தாலே ஐடிஐயில் சேரலாம். இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். பாலிடெக்னிக் பட்டயம் முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். பத்தாவது முடித்து ஐடிஐ படித்தவர் மொழிப்பாடத் தேர்வு எழுதினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்று பெறலாம் என்று 2022 இல் வழி செய்தார்கள். அதாவது, எட்டாவதோடு வெல்டிங் பட்டறைக்குப் போன பையன்கூட, விடாமல் ஏறினால், பொறியாளர் ஆக எழுத்தில் வழி இருக்கிறது. வெல்டிங் தாழ்ந்த தொழில் என்று யாரும் சொல்லவில்லை. அங்கேயே நிற்பதா மேலே போவதா என்பதை அவன் முடிவு செய்ய வேண்டும், அவன் சாதி முடிவு செய்யக் கூடாது. சமுதாயக் கல்லூரிப் படிப்புக்கும் இப்படி ஒரு படி எழுத்தில் இருக்கிறதா? இதுதான் நாம் கேட்க வேண்டிய தலைக் கேள்வி.

எந்தப் புதிய படிப்பு வந்தாலும் ஐந்து கேள்வி கேளுங்கள். குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. சான்றிதழ் கொடுப்பது யார்? பல்கலைக்கழகமா, அரசுத் துறையா, இல்லை நடத்துகிறவரே அச்சடித்துக் கொடுக்கிறாரா? அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். தேதி பாருங்கள். போன வருசத்தோடு முடிந்த அங்கீகாரத்தைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பார்கள்.

இரண்டு. இதை முடித்தால் அடுத்து எந்தப் படிப்பில், எந்த வருடத்தில் சேரலாம்? வாய்வார்த்தை வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். அரசுக் கல்லூரி வளாகத்திலேயே நடக்கிற படிப்பு என்றால், அதே கல்லூரியின் பட்டப்படிப்பில் இதற்கு இடம் உண்டா?

மூன்று. பட்டியல் சாதி மாணவருக்கான மேற்படிப்பு உதவித்தொகை இதற்குக் கிடைக்குமா? 2022 இல் தொடங்கிய புதுமைப்பெண், 2024 இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாய் இதற்குப் பொருந்துமா? விடுதியில் தங்க முடியுமா? ‘இல்லை’ என்றால் அரசு அதைப் படிப்பாகவே மதிக்கவில்லை என்று பொருள். அரசே மதிக்காத படிப்பை நம்ம தலையில் ஏன் கட்டுகிறார்கள்?

நான்கு. பாடம் நடத்துவது யார்? அரசு கலைக் கல்லூரிகளிலேயே ஆயிரக்கணக்கான இடங்களில் கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். வருடத்தில் பதினோரு மாதம் சம்பளம். அவர்களிலும் நம் ஆட்கள் நிறையப் பேர், முனைவர் பட்டம் வாங்கியவர்கள். பட்டப்படிப்புக்கே இதுதான் கதி என்றால், ஒரு வருடப் படிப்புக்கு யார் வருவார்? நிரந்தர ஆசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீடு உண்டு. தற்காலிகத்தில் அதைக் கேட்பவர் இல்லை. ஆகவே ஆசிரியர் கேள்வி மாணவர் கேள்வியும்தான்.

ஐந்து. யார் எந்தப் படிப்பில் இருக்கிறார்கள்? கல்லூரிக்குள் போய் எண்ணிப் பாருங்கள். கணினி வகுப்பில் யார், துப்புரவு மேலாண்மை, வீட்டுப் பராமரிப்பு வகுப்பில் யார்? ஊர், சேரி என்று வெளியே இருக்கிற கோடு வகுப்பறைக் கதவிலும் இருந்தால், அங்கே நடப்பது கல்வி இல்லை. பிரிவுவாரியாக மாணவர் எண்ணிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய் மனு. இங்கே இருக்கிற ஒவ்வொருவரும் எழுதலாம்.

செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். இந்த வருடம் சேர்க்கை தொடங்கும் முன், ஒவ்வொரு கிளையும் தன் சேரியில் பத்தாவது, பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளின் பட்டியலை எடுக்க வேண்டும். தோற்றவர்களையும் சேர்த்துத்தான். தேர்ச்சி பெற்றவர்களுக்கு முதலில் அரசுக் கல்லூரிப் பட்டப்படிப்பு, பாலிடெக்னிக், ஐடிஐ விண்ணப்பங்களைப் போட வையுங்கள். அங்கே இடஒதுக்கீடு இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது, மேலே போகப் படி இருக்கிறது. தோற்றவர்களுக்கு உடனடித் தேர்வுக்குப் பாடம் நடத்த ஆள் போடுங்கள். கல்லூரி மாணவர்கள் ஊருக்கு வருகிற நாளில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் கொடுத்தால் போதும். இதற்கெல்லாம் வழியில்லாத அக்கா தங்கச்சிகள், பிள்ளை பெற்று வீட்டில் இருப்பவர்கள், முப்பது வயதைத் தாண்டியவர்கள், அவர்களுக்குச் சமுதாயக் கல்லூரி ஒரு நல்ல வாசல். அழைத்துப் போய்ச் சேருங்கள். சேர்த்த கையோடு ஐந்து கேள்வியையும் முதல்வர் அறையில் எழுத்தாகக் கொடுங்கள்.

அரசிடம் வைக்கிற கோரிக்கை ஒன்றே ஒன்று. இரு மாவட்டத்திலும் எந்த அரசு வளாகத்தில் எந்தக் குறுகிய காலப் படிப்பு தொடங்கினாலும், அதிலிருந்து பட்டம் வரை போகும் வழியை அரசாணையாகப் போட்டு, விண்ணப்பப் படிவத்திலேயே அச்சடிக்க வேண்டும். படி இருக்கிற படிப்பு என்றால் நம் பிள்ளைகள் வருவார்கள். படி இல்லை என்றால், அந்தப் படியைக் கட்டும் வரை கல்லூரி வாசலில் நாம் உட்காருவோம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், பேசுவோம். ஜெய்பீம்.